தீவுக்குப் போகாமலே எழுதிய அறிக்கை

மாம்புரியில் நான் நாலாம் வகுப்புக்குப் படிப்பித்த காலத்தில், எழுதும்போது இடது கையை மேசைமேல் வைக்காத ஒரு பிள்ளை இருந்தாள். ஒருநாள் இடைவேளையில் அவளுடைய சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே மூன்று சூட்டுத் தழும்புகள். ஒன்று இன்னும் ஆறவில்லை.

"சாச்சா கரண்டியச் சுட்டு வெச்ச டீச்சர். ஒருத்தருக்கும் சொல்லிடாதீங்க."

வாப்பா இறந்து, உம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனபின் அவள் வாப்பாவின் தம்பியான இந்தச் சாச்சா வீட்டில்தான் இருந்தாள். உச்சமுனைத் தீவில் உம்மாவின் மூத்த ராத்தா, பிள்ளையின் பெரியும்மா, இருந்தாள். பிள்ளையைத் தன்னிடம் விடச் சொல்லி அவள் பலமுறை கேட்டும் சாச்சா விடவில்லை.

அன்று பின்னேரமே சிறுவர் விஷயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் போய் எழுதிக் கொடுத்தேன். அவர் சாச்சாவுக்குப் போன் பண்ணி, வசதியான நேரம் கேட்டுக்கொண்டு போனார். சாச்சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிள்ளையை விசாரித்தார். அடுப்பில் விழுந்ததாக அவள் சொன்னாள்.

"நல்ல மனுசன் டீச்சர். சாப்பிடாம போக விடல்ல. நண்டுக் கறி," என்று என்னிடமே சொன்னார்.

நானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் விஷயம் நீதவான் கோட்டுக்குப் போனது. பிள்ளையைச் சிலாபப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். சாச்சா வழமைபோல் கடலுக்குப் போய்வந்தார். அவர்மேல் ஒரு வழக்கும் இல்லை.

பெரியும்மா பிள்ளையைக் கேட்டு மனுக் கொடுத்தாள். தள்ளிவிட்டார்கள். ஏன் என்று கேட்க இருவருமாக அந்த உத்தியோகத்தரிடம் போனோம். அவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். 'வீடு நேரில் பார்வையிடப்பட்டது. மலசலகூடம் இல்லை. பிள்ளை வாழப் பொருத்தமற்றது' என்று அவருடைய கையெழுத்தோடு இருந்தது. நான் வாசித்துச் சொன்னேன்.

"எங்கட வீட்டுல கக்கூஸ் ஈக்கிதே," என்றாள் பெரியும்மா. "போட்ல ஆள் வந்தா தீவுல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வரல்ல."

உத்தியோகத்தர் பேனையை மூடினார். "தீவுக்குப் போக எங்களுக்கு போட் தாறல்ல டீச்சர். என்னத்தச் செய்யச் சொல்றீங்க?"

வெட்கமே இல்லாமல், எங்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவர் தீவுக்குப் போனதே இல்லை என்று கோட்டுக்குக் கடிதம் எழுதினேன். இன்னொரு அறிக்கை கேட்டார்கள். அது வர எட்டு மாதம் பிடித்தது.

இடையில் ஒருநாள் பெரியும்மாவை அழைத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். பிள்ளையின் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அவளுக்குச் சிங்களம் தெரியாது, அங்கே தமிழ் தெரிந்த ஒருவரும் இல்லை. பொறுப்பாக இருந்த அம்மணி எங்களோடு கதிரை போட்டு உட்கார்ந்து, தனக்கு விளங்கும்படி சிங்களத்தில் மட்டும் கதைக்கச் சொன்னார். பெரியும்மாவுக்கும் சிங்களம் வராது.

"கையப் பிடிச்சிட்டு இருக்க ஏலுமா எண்டு கேளுங்க டீச்சர்," என்றாள் பெரியும்மா மெதுவாக.

கேட்டேன். விட்டார்கள். அரை மணித்தியாலம் இருவரும் ஒன்றும் கதைக்காமல் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். எழும்பும்போது பிள்ளை என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்:

"நான் ஒங்களுக்கு மட்டும்தானே சொன்ன."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாலாவி தாண்டும்வரை அந்த உத்தியோகத்தரைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டாவது அறிக்கை வந்தபின், கடைசியில் பிள்ளையைப் பெரியும்மாவிடமே கொடுத்தார்கள். இப்போது அவள் உச்சமுனையில் இருக்கிறாள். ஒருமுறை பார்க்கப் போனபோது உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. "ஒபீசுக்காரங்க வந்தீக்கிறாங்க எண்டு நெனைக்கிறா," என்று பெரியும்மா எனக்காக மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள்.

உத்தியோகத்தர் இன்றும் அதே மேசையில்தான். கல்பிட்டிச் சந்தையில் கண்டால் சுகம் விசாரிக்கிறார். போன மாதம் இன்னொரு பிள்ளையின் முதுகில் பிரம்படி கண்டேன். எழுதிக்கொண்டு அவரிடமேதான் போனேன்.