முக்கோணம் கீறிய றப்பர்

வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் சாப்பாட்டு மேசையில் தேங்காய் துருவும் கருவி எப்போதும் இறுக்கிப் பூட்டியபடிதான் இருக்கும். அன்று மருமகள் அதில் ஒரு றப்பர் விரிப்பின் நுனியைக் கட்டி, மறுநுனியை என் கையில் தந்தாள். விரிப்பு முழுக்கப் பேனையால் முக்கோணங்கள் கீறியிருந்தாள். பல்கலைக்கழகக்காரருக்குக் கம்பியூட்டரில் அவள் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்தால்தான் விரிவுரையாளர் வேலை. விரிப்பைப் பிடித்து இழுப்பதாகச் சொன்ன என் மகன் காலி வீதி வாகன நெரிசலில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டான்.

"பிள்ளை, நான் ஆக்களுக்கு முன்னால..."

"கதைக்கவோ சொன்னனான்? இழுக்கத்தானே! முகம் வராது மாமி, கை மட்டும்தான்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடையில் சிங்களத்தில் பருப்புக் கேட்கவே குரல் உள்ளே போய்விடும். ஆனால் நான் வெங்காயம் உரிக்கும் இதே மேசையில் இருந்துதான் அவள் படித்தாள். எனக்கும் சொல்லுவாள்: ஒரு பொருளைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துப் பார்ப்பார்களாம்; அதை இழுத்தால், வழக்கமாக ஒவ்வொரு இடமும் எவ்வளவு நகர்ந்தது என்று முதலில் கண்டுபிடித்து, அதை வைத்து உள்ளே இருக்கும் இழுவையைக் கணக்கிடுவார்களாம். அப்படி வரும் இழுவை அவ்வளவு சரியாக இராதாம். அவளுடைய முறையில் நகர்வையும் இழுவையையும் தொடக்கத்திலேயே சேர்த்துத் தேடுவார்களாம். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். சொல்லும்போது அவள் முகம் மலர்வதைப் பார்க்கவே இன்னொரு தரம் கேட்பேன்.

பாடம் இங்கிலீஷில் நடந்தது. நான் இழுத்தேன்; முக்கோணங்கள் நீண்டன. நடுவில் ஒருவர் ஏதோ கேட்டார். நகர்வுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, இழுவையையும் ஏன் சேர்த்துத் தேட வேண்டும் என்றாராம். மருமகள் கையிலிருந்த குறிப்பைப் புரட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் இழுங்கோ மாமி."

இழுத்தேன். விரிப்பு அதற்கு மேல் நீளவில்லை.

"இப்ப என்னமாதிரி இருக்கு?"

அவளுடைய கண்ணைப் பார்த்தேன்.

"விரல் நோகுது பிள்ளை. விடட்டோ?"

"ஐயோ, விட்டிடாதேங்கோ!"

அவள் அதை இங்கிலீஷில் சொன்னதும் கம்பியூட்டரில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவள் என் விரல்களைக் காட்டி வேகமாகச் சொல்லத் தொடங்கினாள். விரிப்பு நகரவில்லை, ஆனால் நோ கூடிவிட்டது. அந்த நோவையும் சேர்த்துத்தான் தான் தேடுவதாகச் சொன்னாளாம். அதன் பிறகு அவள் எங்கேயும் தடுமாறவில்லை.

முடிவில் ஒரு பெண் தமிழில், "அந்தக் கைக்காரியையும் காட்டுங்கோவன்" என்றாள்.

"இல்லை, மாமி கொஞ்சம்..." என்று மருமகள் இழுத்தாள்.

நானே குனிந்து முகத்தைக் காட்டினேன். உடனே நிமிர்ந்துவிட்டேன்.

வேலை கிடைத்துவிட்டது. இன்றும் வீட்டிலிருந்து வகுப்பு எடுத்தால் மகனை விட்டுவிட்டு என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

"உங்கட மகன் நோகுது எண்டு வாய் திறந்து சொல்லமாட்டார் மாமி. நீங்கள் வாங்கோ."