மரம் முடியும் உயரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். கரோல் பாக்கில் எங்கள் வாடகை வீட்டு மொட்டை மாடியில் பாதி அம்மாவின் வடகத்துக்கு, மீதி என் இமயமலைச் செடிகளுக்கு.

மலையில் ஏற ஏற மரங்கள் மாறும். கீழே பைன், அதற்கு மேல் ஓக்கும் சிவப்பாகப் பூக்கும் புரான்ஸும், பிறகு தேவதாரு, கடைசியில் வெள்ளைப் பட்டை உரியும் பூர்ஜ மரம். அதற்கப்பால் வெறும் புல். குளிர் குறைந்தால் இந்த வரிசை மெல்ல மேலே நகர வேண்டும். நகர்கிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. என் பேராசிரியருக்கு அதில் நம்பிக்கையே இல்லை. "உயரம் குறிக்காத செடி வெறும் வைக்கோல்" என்பார்.

மழைக்காலம் முடிந்ததும் போய், கடைசிப் பூர்ஜ மரம்வரை கிளைகள் பறித்து வந்தேன். ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் வைத்து அமுக்கி, தாளின் ஓரத்திலேயே பறித்த இடத்தின் உயரத்தை எழுதுவது என் வழக்கம். வந்ததும் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் கட்டுகளில் எல்லாம் புதுத் தாள்.

"நமுத்துப்போயி கெடந்துச்சு, ஏட்டி. காஞ்ச பேப்பரா மாத்தி வச்சேன்" என்றாள் அம்மா.

"பழைய பேப்பர் எங்கம்மா?"

"எடைக்கு எடுக்க கபாடிவாலா வந்தான். தூக்கிக் குடுத்துட்டேன்."

எனக்குக் கஞ்சி வைத்த கையோடு என் செடிகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளை என்னவென்று திட்டுவது? உயரங்கள் எல்லாம் அந்தத் தாள்களோடு போய்விட்டன.

அப்பாவுக்கு நல்ல சாக்கு கிடைத்தது. "மலை ஏறுனது போதும். தையில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க" என்றார்.

"பனி விழறதுக்குள்ள திரும்பப் போயிட்டு வந்துருதேம்ப்பா" என்றேன். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னேன். அந்த வாரமே பஸ் ஏறிவிட்டேன்.

இம்முறை உயரத்தைச் சீட்டில் எழுதி, தண்டிலேயே நூலால் கட்டினேன். விட்டதை எல்லாம் பிடித்தபடி கடைசிப் பூர்ஜ மரத்துக்கு வந்து சேர்ந்தேன். முன்பு வந்தபோது மேலே எல்லாம் ஒரே பச்சை, திரும்பிவிட்டேன். இப்போது புல் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. அதன் நடுவே, அங்கங்கே, மஞ்சள்.

மூச்சு வாங்க ஏறினேன். இலை பழுத்து நின்ற முழங்கால் உயரப் பூர்ஜக் கன்றுகள். மரம் முடிந்துவிட்டது என்று நான் முடிவு கட்டிய இடத்துக்கு மேலே, புல்லோடு புல்லாக அன்றும் நின்றிருக்கின்றன.

குளிர் குறைந்ததால் ஏறினவா, மேய ஆடுகள் வராததால் பிழைத்தனவா என்று பேராசிரியர் கட்டாயம் கேட்பார். ஒரே வருடத்தில் அதற்குப் பதில் கிடைக்காது. கன்றுகளில் ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. சீட்டை மட்டும் கட்டினேன். தையில் வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலில் சொன்னதே, வருடா வருடம் நான் மலைக்குப் போவேன் என்பதுதான்.