அக்கா பேரில் பறித்த கொழுந்து

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது இது. மாத்தளையிலிருந்து ரத்தோட்டை போய், அங்கிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் ஆபீசில் செக்ரோல் எழுதும் கிளாக்கராக இருந்தேன். யார் யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று எழுதும் பெரிய புத்தகம்தான் செக்ரோல். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. மாத்தளை டவுனில் இங்கிலீஷ் படித்தவன், எழுத்து மணிமணியாக இருக்கும். அந்த எழுத்தின் மேல் எனக்கு இருந்த கர்வத்தைச் சொன்னால் இப்போது நீங்கள் சிரிப்பீர்கள்.

விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கங்காணி ஒவ்வொரு பேராகச் சொல்வார். நான் அந்தந்தப் பேருக்கு நேராகப் புள்ளி வைப்பேன். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. குளிரில் கை விறைத்திருக்கும், மை சிந்தாமல் எழுதுவதே பெரும்பாடு. முகம் பார்க்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் செக்ரோலில் பேர் இருப்பவருக்குத்தான் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை. நாலு நாள் சொல்லாமல் நின்றுவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் இருக்க இடமும் போச்சு. அதனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, ஒருத்தி பிள்ளை பெற்றாலோ, வீட்டில் சும்மா இருக்கும் இன்னொருவர் அந்தப் பேருக்கு வந்து நிற்பார். கங்காணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோட்டத்துக்குக் கொழுந்து வந்தால் போதும், பேர் யாருடையதாக இருந்தால் என்ன என்று எல்லோரும் இருந்தோம். ஏழைகளுக்கு நான் செய்யும் உபகாரம் இது என்றுகூட மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது எனக்கும் வேலையைச் சுலபமாக்கியது, அவ்வளவுதான்.

மேல்லயத்தில் ஒரு அக்கா, தங்கை இருந்தார்கள். அக்காவுக்குக் கல்யாணமாகி, செக்ரோலில் பேர் இருந்தது. தங்கைக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். தாய் தகப்பன் போனபிறகு வேறு தோட்டத்திலிருந்து அக்காவிடம் வந்து சேர்ந்தவள். தேயிலை விலை விழுந்திருந்த காலம், புதுப் பேர் பதியவே கூடாது என்று துரையின் உத்தரவு. அந்த ஆடி மாதம் அக்காவுக்குப் பிரசவம். தங்கை அக்காவின் கூடையை எடுத்துக்கொண்டு, அக்காவின் பேருக்கு மலையேறினாள். நான் புள்ளி வைத்தேன்.

ஆவணியில் ஒரு வாரம் விடாத மழை. ஒரு நாள் காலை, தண்ணீர் வடியும் கானுக்கு மேலே மண் சரியாமல் இருக்க அடுக்கியிருந்த கல்லணை அப்படியே சரிந்துவிட்டது. கீழே தேயிலை நிரையில் நின்றவள் அந்தத் தங்கை. உயிர் போகவில்லை, ஆனால் வலது கை கல்லுக்கடியில் நசுங்கிவிட்டது. கொழுந்து லொறியில் போட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று பின்னேரமே விபத்து அறிக்கையை நான் எழுத வேண்டியிருந்தது. ‘காயப்பட்டவர் பேர்’ என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. செக்ரோலைத் திறந்தேன், அதில் என்ன இருந்ததோ அதையே எழுதினேன். அக்காவின் பேர். அழகான எழுத்தில்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் வெறும் சட்டைக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினாள். ஒரு கையால் கொழுந்து பறிக்க முடியாது. கல்யாணம் என்று யாரும் வந்து கேட்பதும் சந்தேகம். தோட்டத்துக்கு வெளியே கூலிக்குப் போகும் அக்கா புருஷன் ஒருவனுடைய சம்பளத்தில் எத்தனை வயிறு! வேலையில் கை கால் போனவர்களுக்கும், செத்துப்போனவர்களின் குடும்பத்துக்கும் முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று அப்போது புதிதாகச் சட்டம் வந்திருந்தது. அது இவளுக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. எங்கள் பெரிய கிளாக்கர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், செக்ரோலில் பேர் இல்லாதவள் தொழிலாளியே இல்லை என்று. நானும் அதை அப்படியே நம்பினேன்.

நம்பினாலும் மனசு கேட்கவில்லை. யோசித்து யோசித்து, பெரிய புத்திசாலி என்ற நினைப்பில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அறிக்கையில் அக்கா பேர் இருக்கிறது. இனிமேல் தங்கையே அக்காவாகிவிட்டால்? அந்தப் பேரில் விண்ணப்பம் போட்டால் எல்லாம் பொருந்திவிடும். என் தப்பும் வெளியே வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்லயத்துக்குப் போய், வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து இதை எடுத்துச் சொன்னேன்.

அக்கா உடனே தலையாட்டினாள். கைப்பிள்ளை மடியில் கிடந்தது.

“எடுத்துக்கட்டுங்கய்யா. எம்பேர அவளே வச்சுக்கட்டும். நா வேற பேரு சொல்லிக்கிட்டு இருந்துக்கிறேன்.”

தங்கை அடுப்படியில் நின்றிருந்தாள். வெளியே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“வேணாங்க. கைதான் போச்சு. பேராவது எனக்கு இருக்கட்டும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உதவி செய்ய வந்தவனிடம் இவ்வளவு திமிரா! செக்ரோலில் பேர் இல்லாதவளுக்குச் சல்லிக்காசு கிடைக்காது, பிடிவாதம் பிடித்தால் நஷ்டம் உனக்குத்தான் என்று கத்தினேன்.

“கெடைக்காட்டிப் போகுதுங்க. நாளைக்கு ஒருத்தன் என்னையக் கட்ட வந்தா, எந்தப் பேரச் சொல்லிக் கட்டுவான்? ரத்தோட்டைக் கட நானா எனக்கு பெட்டிஷன் எழுதிப் போட்டுருக்காரு. அவருதான் மொதல்ல எம்பேரு என்னான்னு கேட்டாரு.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குத்தான் என்று புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அடுத்த நாளே ரத்தோட்டைக்குப் போனேன். நானா என்று எல்லோரும் கூப்பிடும் அந்த முஸ்லிம் பெரியவர் கறுவா, ஏலம், மண்ணெண்ணெய் விற்பவர். இந்த விஷயத்தில் தலையிட்டு அந்தப் பெண்ணுக்கு வீண் ஆசை காட்டாதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“தம்பி, சட்டத்துல வேல செஞ்ச ஆள்ண்டுதான் ஈக்கிது. புக்குல பேரீக்கிற ஆள்ண்டு எங்க ஈக்கிது? காட்டுங்க பாப்பம்.”

என்னால் காட்ட முடியவில்லை. ஏனென்றால் நான் அந்தச் சட்டத்தைப் படித்ததே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதன் பிரதி ஒன்று மாத்தளைக் கச்சேரி என்ற அரசாங்க ஆபீசிலிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தது. நானே அதற்கு ஊசி குத்தி, கோவையில் சேர்த்து, மேலே தலைப்பும் எழுதி அலுமாரியில் வைத்திருந்தேன். அன்று திரும்பிப் போய் எடுத்துப் பார்த்தேன். யார் தொழிலாளி என்ற இடத்தை நாலு தடவை படித்தேன். நானா சொன்னது சரி. கோவையைத் திரும்ப அலுமாரியில் வைத்துப் பூட்டினேன், இப்போது பயம் வேறு மாதிரியாகிவிட்டது. அவள் ஜெயிக்க வேண்டுமென்றால், செக்ரோல் பொய் என்று யாராவது சொல்லவேண்டும்.

நானா எழுதிப் போட்ட பெட்டிஷன் மேல் விசாரணை மாத்தளைக் கச்சேரியில் ஒரு அறையில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி சிங்களவர், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். அவர் இங்கிலீஷில் கேட்பதை ஒரு மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். தோட்டத்துக்காக வந்த லோயர் எழுந்து, இந்தப் பெண்ணைத் தோட்டம் வேலைக்கு எடுக்கவே இல்லை, அத்துமீறி மலையில் நின்றிருக்கிறாள் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் மாலையே பெரிய கிளாக்கர் எனக்குப் பாடம் சொல்லியிருந்தார். தெரியாது என்று மட்டும் சொல், வேலை தப்பும். அந்தப் பெண் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் சொன்னேன், செக்ரோலில் உள்ள பேர்தான் எனக்குத் தெரியும், மலையில் யார் பறித்தார் என்பது எனக்குத் தெரியாது என்று. இத்தனை வருடம் கழித்தும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதிகாரி அடுத்து அக்காவைக் கூப்பிட்டார். அவள் பிள்ளையோடு வந்து நின்றாள். உண்மையைச் சொன்னால் தன் பேரை வெட்டிவிடுவார்கள், காம்பராவும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

“பிள்ளை எப்போது பிறந்தது?” என்று கேட்டார்கள்.

“ஆடி அமாவாசைக்கு மறுநாளுங்க.”

அதிகாரி தோட்டத்து டிஸ்பென்சரியின் பிறப்புப் பதிவைக் கேட்டு வாங்கினார். பக்கத்தில் என் செக்ரோலை விரித்தார். இரண்டிலும் விரல் வைத்து மெதுவாகக் கீழே இறங்கினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. மறுபடி என்னைக் கூப்பிட்டார். இந்தப் பெண் பிள்ளை பெற்ற அன்றைக்கு முழு நாள் மலையில் கொழுந்து பறித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் பறித்திருக்கிறாளே என்றார். மொழிபெயர்ப்பாளரே சிரிப்பை அடக்க முடியாமல்தான் அதைத் தமிழில் சொன்னார். வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மணிமணியான என் எழுத்து அந்த மேசையில் எல்லோருக்கும் தெரியும்படி விரிந்து கிடந்தது.

அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. வந்தவள் தங்கைதான், எனக்குத் தெரியும், தெரிந்தேதான் புள்ளி வைத்தேன் என்று சொன்னேன். அறிக்கையில் பேரை மாற்றி எழுதியதும் நான்தான் என்றேன். தைரியசாலியாகச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். பிடிபட்ட பிறகு சொன்னேன்.

அதிகாரி கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டார். இவள் பறித்த கொழுந்தைத் தோட்டம் நிறுத்து எடுத்துக்கொண்டதா? எடுத்துக்கொண்டது என்றேன். ஒரு நாளாவது, இது பேர் பதியாதவள் பறித்தது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததா? இல்லை என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். லோயர் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார், அதிகாரி நிமிரவே இல்லை.

நட்டஈடு அவளுக்குக் கிடைத்தது. அக்காவின் பேரைத் தோட்டம் வெட்டவில்லை. விஷயம் ஊரெல்லாம் சிரித்துப் போயிருந்ததால் துரைக்கு அதற்கு மேல் கிளற மனமில்லை. வெட்டுப்பட்டது என் பேர்தான். அடுத்த மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அப்புறம் மாத்தளைப் பக்கம் பலாபத்வலயில் ஒரு கொக்கோ ஸ்டோரில் எழுத்து வேலை கிடைத்து, வாழ்க்கை அங்கேயே ஓடியது. அந்தப் பெண்ணைப் பிறகு அதே தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவுக்கு ஆயாவாக எடுத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. செக்ரோலில் அவள் பேரும் ஏறியதாம்.

விசாரணை முடிந்த அன்று கச்சேரி வாசலில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இது முடியாது. உத்தரவுக் கடுதாசியில் கைநாட்டு வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். இடது கைப் பெருவிரலில் மை. நான் ஒரு மரத்தடியில் நின்றிருந்தேன், அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஐயா, அந்தக் கடுதாசில எம்பேர எழுதுனது நீங்களா?”

“இல்லை, கச்சேரிக் கிளாக்கர்” என்றேன்.

“அதான் பாத்தேன். எழுத்து ஒங்களுது மாதிரி அழகா இல்லங்க” என்றவள், மை காயாத விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “ஆனாலும் எம்பேருங்க.”

நானாவிடம் கற்றுக்கொண்டதை நானும் செய்யத் தொடங்கினேன். ஓய்வூதியம், விதவைக் காசு, கை கால் போனவர்களுக்கான நட்டஈடு என்று ஏதாவது கடுதாசியோடு யாராவது வந்தால், முதலில் சட்டத்தை எடுத்துப் படிப்பேன். அதற்கும் முன்னால் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, உங்கள் பேர் என்ன என்று கேட்பேன். உங்களுக்குக் கிடைக்காது என்று ஒருவரைப் பார்த்துச் சொல்வது எவ்வளவு சுலபம் என்பது எனக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதும்போது அவள் பேரைப் போடலாமா என்று நாலைந்து தடவை யோசித்தேன். அவளைக் கேட்காமல் ஒருமுறை வேறொரு பேரை எழுதியவன் நான். அதனால் இங்கே அந்த இடத்தை வெறுமையாகவே விடுகிறேன், அது அவளுடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.