ஒரு ஸ்பூனும் ஒரு தட்டும்

அந்த சூப்பர் மார்க்கெட்டில் ஃப்ரீசர் வரிசை முடிந்து ரொட்டி அலமாரி தொடங்கும் திருப்பத்தில் ஒரு மேசை உண்டு. மேசைமேல் ஒரு மின் அடுப்பு, ஒரு பாத்திரம், ஒரு டப்பா நிறைய மர ஸ்பூன்கள். அதற்குப் பின்னால் நிற்கும் பெண்ணுக்குக் கடையில் டேபிள் அக்கா என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்த வாசல் காவலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

கம்பெனிகள் அனுப்பும் பாக்கெட்டைப் பிரித்து, சூடாக்கி, போகிறவர் வருகிறவருக்கு ஒரு ஸ்பூன் நீட்ட வேண்டும். ருசித்தவர் பாக்கெட்டை எடுத்துக் கூடையில் போட்டால் வேலை முடிந்தது. அந்த மேசையில் அவளுக்கு முன் இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். இருவரும் விட்டுப்போன பாடம் ஒன்றுதான்: ஆளைப் பிடிக்க உனக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஸ்பூன், அதிலேயே பிடித்துவிடு. தண்ணீரைக் குறை, வெண்ணெயைக் கூட்டு, சுடச்சுடக் கொடு.

மேசைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் அவள் அதே கடையின் குளிர் அறையில் பெட்டி அடுக்கினாள். இரண்டு கையுறை மாட்டினாலும் விரல்கள் மரத்துப்போகும். ஐந்தாம் வருடம் வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. பல் தேய்க்கக்கூட இடது கை வேண்டியிருந்தது. மேசைக்கு மாறி இரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்தது.

அந்த ஆறு வருடம் வீணாகவும் போகவில்லை. லாரியில் வரும் எல்லாச் சரக்கையும் இறக்கும் நேரத்தில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டே இருப்பாள். எது முதலில் அச்சாகியிருக்கிறதோ அதுதான் உள்ளே அதிகம் என்பதைத் தானாகவே கண்டுபிடித்தாள். தக்காளி சூப் பாக்கெட்டில் முதலில் மாவு, பிறகு சர்க்கரை, பிறகு உப்பு, நாலாவதாகத் தக்காளி. "தக்காளி சூப்புக்குத் தக்காளியே விருந்தாளியாத்தான் வந்திருக்கு," என்று வீட்டில் சொல்லிச் சிரித்தாள். உறைந்த காய்கறியைத் தண்ணீரில் வேகவைத்தால் கந்தலாகும்; காய்ந்த வாணலியில் மூடாமல் வதக்கினால் காய் காயாகவே இருக்கும். டின் பீன்ஸை வடிகட்டி அலசினால் உப்பில் நல்ல பங்கு குழாய்த் தண்ணீரோடு போய்விடும். இதெல்லாம் செய்து, கெடுத்து, மறுபடி செய்து தெரிந்துகொண்டது.

மேசையில் நின்றபோது ருசி பார்த்தவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இதை வெச்சு வீட்ல என்ன பண்றது?" அவள் பதிலைக் கிழிந்த அட்டைப் பெட்டித் துண்டுகளில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் மேனேஜர் வந்து மேசை முனையில் கையை ஊன்றி நின்றார்.

"அக்கா, மேசையை எடுக்கச் சொல்லி மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. சும்மா ருசி பாத்துட்டுப் போறாங்க, அதோட சரி. உங்களுக்கு வேலை போகாது. குளிர் அறையில ஆள் குறையுது, அங்கே போயிடலாம்."

அவள் வலது கையை ஏப்ரனுக்குள் இழுத்துக்கொண்டாள். "ஒரு மாசம் குடுங்க சார். பாக்கெட்டை முழுச் சாப்பாடா மாத்துறது எப்படின்னு கார்டு எழுதித் தரேன். அச்சடிச்சு அலமாரியில தொங்க விடுங்க."

"பாக்கெட் பின்னாடியே எழுதியிருக்கே?"

"எழுதினவங்க அதைச் சாப்பிட்டுப் பாத்த மாதிரி தெரியலை சார்."

மேனேஜர் சிரித்துவிட்டார். தக்காளி சூப் ஒன்றுக்கு மட்டும், ஒரு மாதம் என்று பேச்சு முடிந்தது. ஒரு தடவை வாங்கியவர்கள் மறுபடி வாங்க வேண்டும். கடையின் உறுப்பினர் அட்டை மூலம் அது கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும். வாங்கவில்லையென்றால் குளிர் அறை.

அவளுக்குச் சந்தேகமே இல்லை. கார்டை வீட்டில் பன்னிரண்டு தடவை சோதித்தாள். முழுப் பாக்கெட், குறைந்த தண்ணீர், வெண்ணெய், பூண்டு, கடைசியில் துருவிய சீஸ். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது வாயில் ஒரு ஸ்பூன். பத்தாம் வகுப்பு மகள் புத்தகத்திலிருந்து தலை தூக்கும்போது ஒரு ஸ்பூன். இருவரும் சொன்னது "பிரமாதம்."

கடையிலும் அதையே சொன்னார்கள். முதல் இரண்டு வாரம் சூப் சக்கைப்போடு போட்டது. காலையில் நிரப்பிய அலமாரி மத்தியானம் பல்லிளித்தது. மேனேஜர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் அலமாரி அப்படியே நின்றது. ருசி பார்த்த புது ஆட்கள் வாங்கினார்கள். பழைய ஆட்கள் மேசையைக் கண்டதும் ரொட்டியை அவசரமாகத் தேட ஆரம்பித்தார்கள். அப்படி நழுவப் பார்த்தவர்களில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர். இரண்டு பெண் குழந்தைகளைத் தனியாக வளர்ப்பவர், வேலை முடிந்து சீருடையோடு வருவார்.

"என்னண்ணே, முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறீங்க? சூப் எப்படி இருந்துச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "ருசிக்கு ஒரு குறையும் இல்லை அக்கா."

"அப்புறம் ஏன் இழுக்கிறீங்க?"

"சின்னவ நாலு வாயோட நிறுத்திட்டா. பெரியவ ஏழு வாய். அப்பாங்கிற மரியாதையைக் காப்பாத்த நான் முழுசும் குடிச்சேன். அதுக்கப்புறம் ஒரு குடம் தண்ணி குடிச்சேன்."

"கார்டுல போட்ட அளவுதான் போட்டீங்களா?"

"ஊசி மருந்து அளக்கிற மாதிரி அளந்தேன்."

"அப்ப தீ அதிகமா இருந்திருக்கும். சுண்டிப்போயிருக்கும்."

"சரிதான், அடுப்பு மேல பழியைப் போட்டுருங்க. அது வந்து சண்டை போடாது பாருங்க."

அவளுக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. அன்று முழுக்க ஸ்பூனை நீட்டும் கையில் கோபம் தெரிந்தது. ஆனால் அளவு விஷயத்தில் அவள் தன்னையே நம்புகிறவள் இல்லை. வீட்டுக்குப் போனதும் கார்டில் இருந்தபடியே ஒரு பாத்திரம் நிறையச் செய்து, மூன்று தட்டில் ஊற்றி, இருவரையும் மேசைக்குக் கூப்பிட்டாள்.

"உட்கார்ந்தா சாப்பிடணும்? இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றார் கணவர்.

"பேசாம சாப்பிடுங்க. அடி வரைக்கும் காலி பண்ணணும்."

அவளும் சாப்பிட்டாள், வாய்க்கு வாய் எண்ணிக்கொண்டே. மூன்றாவது வாயில் கணவர் தலையாட்டினார். ஆறாவதில் ரொட்டியைத் தேடினார். ஒன்பதாவதில் தண்ணீர் டம்ளரை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. அவளுடைய நாக்கும் செத்துப்போயிருந்தது. உப்பு எது, புளிப்பு எது என்று தெரியவில்லை.

மகள் தட்டைத் தள்ளிவைத்தாள். "அம்மா, இது விளம்பரம் மாதிரி. அரை நிமிஷத்துக்கு நல்லா இருக்கு. அரை மணி நேரம் பாக்க முடியாது."

"நேத்து வரைக்கும் ரெண்டு பேரும் பிரமாதம்னீங்களே?"

"நேத்து வரைக்கும் நீ ஒரு ஸ்பூன்தானே குடுத்தே!" என்றார் கணவர்.

அவள் கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தாள். மேசையில் நின்ற மூன்று வருடமும் அவள் சமைத்தது ஒரு ஸ்பூனுக்கு. கடைக்கு நடுவே, காய்கறி வாசனைக்கும் தரை துடைக்கும் மருந்து வாசனைக்கும் இடையே, நடந்துபோகிறவரை ஒரு நொடி நிறுத்தும் ருசி அது. உட்கார்ந்து இருபது வாய் சாப்பிடுகிறவருக்கு அதே ருசி அடி மேல் அடி. இரண்டாயிரம் கார்டு வெளியே போயிருந்தது.

அடுத்த ஐந்து நாளும் அவர்கள் வீட்டில் சாயங்காலச் சாப்பாடு தக்காளி சூப்தான். முதலில் தூளைப் பாதியாக்கினாள்; ருசி சரியானது, சூப் தண்ணீராக ஓடியது. உருளைக்கிழங்கு போட்டாள், கெட்டியானது, ஆனால் மண் வாசனை தூக்கியது. மூன்றாம் நாள் டின் பீன்ஸை அலசி, பாதியை மசித்துப் போட்டாள். சூப் தோசை மாவு போலக் கனக்காமல், கரண்டியில் சோம்பலாக வழியும் பதத்துக்கு வந்தது. நாலாம் நாள் வெங்காயம். பெரிதாக இரண்டு, சிறு தீயில் கால் மணி நேரம், விளிம்பு சிவக்கும்வரை. பாக்கெட்டின் சர்க்கரை செய்யாத வேலையை அது செய்தது. நிஜத் தக்காளி இரண்டு. உப்பு பார்ப்பது கடைசியில்தான். எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகு, தட்டில்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களைக்கூட நான் அஞ்சு நாள் விட்டு வெச்சதில்லை," என்றார் கணவர். ஆனாலும் அந்த ஐந்தாம் நாள் அவர் தண்ணீர் டம்ளரைத் தொடவில்லை. மகள் யாரும் சொல்லாமலே ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள்.

மறுநாள் புதுச் சூப்பை மேசையில் வைத்தாள். ஒரு ஸ்பூனில் அது சப்பென்று இருந்தது. "ம்ம், பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு ஆட்கள் நடந்தார்கள். மாதம் முடியப் பத்து நாள். அவள் அலுவலகக் கதவைத் தட்டினாள்.

"சார், எனக்கு மூணு ஸ்டூல் வேணும். காகிதக் கிண்ணம் வேணும். பழைய கார்டை எடுத்துட்டுப் புதுசு அச்சடிக்கணும். ஒரு போர்டும் வேணும்."

"ஸ்டூலா? ஹோட்டல் நடத்தப் போறீங்களா?" அவர் கார்டை வாங்கிப் படித்தார். "அரைப் பாக்கெட்டா? பாக்கெட் விக்கச் சொன்னா, பாக்கெட்டைப் பாதியா போடச் சொல்றீங்களே அக்கா!"

"முழுசா ஒரு தடவை போட்டுட்டு அப்புறம் இந்தப் பக்கமே வராம போறாங்களே சார், அதுக்கு இது மேல் இல்லையா? கூடவே வெங்காயம், பீன்ஸ், ரொட்டி எல்லாம் இங்கேயேதான் வாங்கப் போறாங்க."

"போர்டுல என்ன எழுதப் போறீங்க?"

"முதல் கார்டு தப்பு, எழுதினவ நான்தான், அதைத் தூக்கிப் போடுங்கன்னு."

"கடையோட மானத்தை வாங்கவா? அதெல்லாம் முடியாது."

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. வெளியே போய் இரண்டு கிண்ணம் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தாள். ஒன்று பழையது, ஒன்று புதியது. "மத்தியானச் சாப்பாடு இதுதான் சார். ரெண்டையும் அடி வரைக்கும் காலி பண்ணுங்க. பழையது முழுசா இறங்கிட்டா நான் இன்னிக்கே குளிர் அறைக்குப் போறேன்."

மேனேஜர் பழையதில் தொடங்கினார். நாலு வாய் சாப்பிட்டு, "நல்லாத்தானே இருக்கு," என்றார். எட்டாவது வாயில் ஸ்பூன் மெதுவானது. பாதிக் கிண்ணத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் புதியதை முன்னால் நகர்த்தி, கொஞ்சம் தண்ணீரும் கொடுத்தாள். முதல் வாய்க்கு அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஃபோன் அடித்தும் எடுக்கவில்லை. கிண்ணம் காலியானதும் அதன் அடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ரெண்டு ஸ்டூல்தான் இருக்கு," என்றார். "மூணாவதுக்கு என் ரூம்ல இருக்கிறதை எடுத்துக்கோங்க."

"போர்டு?"

"எழுதுங்க. 'தப்பு'ங்கிறதைச் சின்ன எழுத்துல எழுதுங்க."

அவள் பெரிய எழுத்தில்தான் எழுதினாள். முதல் நாள் காலை பலர் போர்டைப் படித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். சிலர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரத்தில் முன்பு எழுபது ஸ்பூன் நீட்டியவள் இப்போது பன்னிரண்டு கிண்ணம் கொடுத்தாள். அவ்வளவுதான் முடிந்தது. கிண்ணம் காலியாகாமல் யாராவது எழுந்தால், "எத்தனாவது வாயில நின்னுச்சு?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஒரு பாட்டுக் கச்சேரிக்காரர் மாதிரி நீண்ட முடி வைத்த ஒருவர், மிளகு குறைகிறது என்றார். அவருக்கு மிளகு டப்பாவைக் கையில் கொடுத்தாள், கார்டை மாற்றவில்லை.

மாதம் முடிந்த காலை மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். ஸ்டூல்களில் மூன்று பேர் உட்கார்ந்திருந்ததால் சற்று ஒதுங்கி நின்று சொன்னார்:

"புதுக் கார்டு எடுத்தவங்கள்ல மூணுல ஒருத்தர் திரும்ப வாங்கியிருக்காங்க. பத்தே நாள்ல. மேசை இருக்கட்டும்னுட்டாங்க."

அவள் கை துடைத்துக்கொண்டாள். "சந்தோஷம் சார்."

"இன்னும் பத்து கார்டு கேக்கறாங்க. நூடுல்ஸ், உறைஞ்ச காய்கறி, மீன் துண்டு, எல்லாத்துக்கும். திங்கட்கிழமைக்குள்ள."

"திங்கட்கிழமைக்கு ஒண்ணு தரேன் சார். நூடுல்ஸ்."

"ஒண்ணா? மேலிடத்துல பத்து கேக்கறாங்க அக்கா!"

"ஒவ்வொண்ணையும் எங்க வீட்ல அஞ்சு நாள் உட்கார்ந்து சாப்பிட்டாகணும்."

"அப்படிப் பாத்தா கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஆகுமே?"

"ஆகும் சார்," என்றாள் அவள். எழுந்துபோனவரின் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, காத்திருந்தவரை உட்காரச் சொன்னாள்.