எனக்கு வாங்கிய ரோஜா மாலை

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் எனக்காக வாங்கி வைத்திருந்த ரோஜா மாலை வேறொரு கழுத்துக்குப் போய்விட்டது. கோபம் வந்ததா? வந்தது... ஒரு ஐந்து நிமிஷம்!

பெண்கள் கபடிப் போட்டி. இறுதி ஆட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் — சாட்சாத் அடியேன். அழைப்பிதழில் 'சரியாக நான்கு மணி' என்று போட்டிருந்தது. நமக்குத் தெரியாதா? நம்மவர் நிகழ்ச்சியில் நான்கு என்றால் ஐந்து. நேரத்துக்குப் போய் நின்றால் நாற்காலி அடுக்கச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் பிரிக்பீல்ட்ஸில் நிதானமாகத் தேநீர் குடித்து, சேலைக்கு இன்னொரு ஊசி குத்தி, நான்கு மணிக்குத்தான் காரையே எடுத்தேன்.

நாலே முக்காலுக்குத் திடலை அடைந்தால்... ஒரே கூச்சல். ஆட்டம் முடியும் தறுவாயில் இருக்கிறது! வாசலில் வரவேற்க ஆளில்லை. குத்துவிளக்கு ஏற்றப்படாமலே ஓரமாக நிற்கிறது. ஏற்பாட்டுக் குழுத் தலைவர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"மன்னிச்சிருங்கம்மா, எல்லாம் இந்தப் பொண்ணு பண்ண வேல. விஐபி வராம ஆரம்பிச்சா உன் ஃபார்ம்ல கையெழுத்துப் போட மாட்டேன்னே சொல்லிட்டேன். கேக்கலியே!"

இந்தப் பொண்ணு — தர்ஷினி. விளையாட்டு நிர்வாகம் படிக்கும் மாணவி. படிப்பின் பயிற்சிக்காக இந்தப் போட்டியை நடத்த வந்தவள். தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் தேறுவாள். இல்லையென்றால் இன்னொரு செமஸ்டர்.

"ஏம்மா, கொஞ்ச நேரம் பொறுக்கக் கூடாதா?" முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டேன்.

அவள் கண் ஆட்டத்தை விட்டு நகரவில்லை. கையில் ஸ்டாப்வாட்ச். "சாரி ஆன்டி. மேல பாருங்க."

ஆன்டியா! பார்த்தேன். வானம் கறுத்துக் கிடந்தது.

"மழை வந்தா மேட் நனைஞ்சிரும், மேட்ச் கேன்சல். மாநில டீமுக்கு ஆள் எடுக்கிறவரு வந்திருக்காரு. இன்னிக்கு விட்டா முகிலாவ யாரு பார்ப்பா?"

முகிலா யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. கடைசி ரெய்டு. அவள் அணி ஒரு புள்ளி பின்னால். மூச்சைப் பிடித்து 'கபடி கபடி' என்று எதிர்க்களத்துக்குள் பாய்ந்தாள். ஒருத்தியைத் தொட்டாள்... இன்னொருத்தியையும்! திரும்புவதற்குள் மூன்று பேர் காலைப் பிடித்துவிட்டார்கள். உடம்பு தரையில். 'கபடி கபடி' பாட்டு மட்டும் நிற்கவில்லை. கை நீள்கிறது... இன்னும் நீள்கிறது... விரல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டது!

"அடி சக்கை!" — கத்தியது யார்? நான்தான். குதித்ததில் ஒரு செருப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

விசில் ஊதிய ஐந்தாவது நிமிஷம் மழை கொட்டியது.

கூடாரத்துக்குள் ஒதுங்கினோம். மேசையில் தர்ஷினியின் பயிற்சி ஃபார்ம். எட்டிப் பார்த்தேன் — பத்தி எழுதுபவளுக்கு இது தொழில் வியாதி. அப்பா பந்திங்கில் லோரி ஓட்டுகிறார். இவளும் பள்ளியில் கபடி ஆடியிருக்கிறாள், முட்டியில் அடிபட்டு நின்றுவிட்டது. 'உங்களைக் கவர்ந்த விளையாட்டாளர்?' என்ற இடத்தில் உலகப் பெயர்களைத் தேடினேன். 'முகிலா, கையுறைத் தொழிற்சாலை ஊழியர்' என்றிருந்தது.

"பெரிய பேரா ஒண்ணு போட்டிருக்கலாமே?"

"அவங்களயும் பிடிக்கும் ஆன்டி. ஆனா அவங்களுக்கு மேட் விரிக்க, டைம் பார்க்க நூறு பேரு இருக்காங்க. இவ ஷிப்ட் முடிச்சிட்டு வந்து ஆடுறா. இவளுக்கு நான்தான்லா."

சுருக்கென்றது. தாமதமாகப் போவதுதான் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். காத்திருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் என்ன கைநழுவிப் போகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? நான் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

மாலையை எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தேர்வாளர் முகிலாவிடம் பேசிக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே அவள் கழுத்தில் போட்டேன். அப்படியே தலைவரிடம் பேனாவை நீட்டினேன்.

"லேட்டா வந்தது நானு. அந்தப் பொண்ணு ஏன் ஃபெயிலாகணும்? போடுங்க சார்."

தலையைச் சொறிந்தார். போட்டார்!

அடுத்த வருஷமும் நான்தான் சிறப்பு விருந்தினராம். என் அழைப்பிதழில் மட்டும் மூன்று மணி என்று அச்சடிக்கச் சொல்லியிருக்கிறாள் தர்ஷினி.