பூனைக்கு வந்த லண்டன் மீட்டர்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குச் சீனி வருத்தம், சர்க்கரை வியாதி. ஒருவர் என் கணவர், மற்றது பூனை. இரண்டு பேரிலும் பூனைதான் சொல்வழி கேட்கும். வைத்ததைத் தின்னும், ஊசிக்கு முதுகைக் காட்டும், அலுமாரிக்குப் பின்னால் நின்று பயித்தம் பணியாரம் தின்னாது. இதைச் சொன்னால் கணவருக்குக் கோபம் வரும். ஆனாலும் நான் சொல்லுவேன்.

அப்போது நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒரு ஒழுங்கையில், இரண்டாம் மாடி ஃபிளட்டில் இருந்தோம். வடக்கில் சண்டை கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள். எனக்குக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் கணக்குப் பகுதியில் வேலை. கணவர் பென்ஷன் எடுத்துவிட்டு வீட்டில் இருந்தார்.

பூனை மகனுடையது. பஸ் ஹோல்டில் மழைக்குள் கிடந்ததைச் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தவன் அவன்தான். பெயர் கூட வைக்கவில்லை, "இவன்" என்றுதான் கூப்பிடுவான். ஒருநாள் சுற்றிவளைப்பில் மகனைப் பிடித்துக்கொண்டுபோய், ஒரு இரவு பொலிஸில் வைத்திருந்து, விடிய விட்டார்கள். அவன் வீட்டுக்கு வந்து குளித்து முடிப்பதற்குள் கணவர் முடிவெடுத்துவிட்டார், பிள்ளை இனி இங்கே இருக்கக் கூடாது என்று. மகன் போகமாட்டேன் என்று நின்றான். இவர் கேட்கவில்லை. ஸ்டூடன்ட் விசா எடுத்து லண்டனுக்கு ஏற்றிவிட்டார். அவர் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் மகன் தகப்பனை மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். என்னோடு சமையல், வேலை, குளிர் எல்லாம் கதைப்பான். தகப்பனோடு ஒரே ஒரு கதைதான். "இவன் சாப்பிட்டவனோ? சுகர் எவ்வளவு?" பூனைக்கு வருத்தம் வரும் முன்னர் அதுவும் இல்லை, இவர் போனை எடுத்தால் அவன் வைத்துவிடுவான். பூனைக்குச் சீனி வந்ததைக் கடவுள் தந்த வரம் என்று நினைத்தவள் நான். பாவம்தான், ஆனால் நினைத்தேன். அந்தப் பூனை செத்துப்போனால் என் வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் கதைக்க ஒன்றும் இராது. அதனால் பூனை சாகக் கூடாது. என்னுடைய கணக்கு அவ்வளவுதான்.

அதுவரைக்கும் கணவருடைய பழைய மீட்டரில்தான் பூனைக்கும் பார்த்தோம். இளஞ்சூட்டுத் துணியால் காது மடலை ஒற்றி எடுத்து, விளிம்பில் மெல்லக் குத்தினால் ஒரு சொட்டு இரத்தம் வரும். அதை ஸ்ட்ரிப்பில் தொட்டால் நம்பர் விழும். அந்த மீட்டருக்கான ஸ்ட்ரிப் பிறகு ஒரு ஃபார்மசியிலும் கிடைக்கவில்லை. மகனிடம் சொன்னேன். பூனை நாய்களுக்கென்றே செய்த புது மீட்டர் ஒன்றை வாங்கி, கலியாணத்துக்குக் கொழும்பு வந்த ஒருவரின் கையில் கொடுத்துவிட்டான். கூடவே ஸ்ட்ரிப் பெட்டிகளும் வந்தன.

பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் எடுத்தது உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தை. கணவர் முதலில் எடுத்தது மீட்டரை. எங்கள் இரண்டு பேரின் குணமும் அதற்குள் அடங்கிவிட்டது.

பூனையின் காதில் குத்தி, ஒரே சொட்டை இரண்டு மீட்டரிலும் தொட்டுப் பார்த்தோம். பழையது நூற்று நாற்பது காட்டியது. புதியது பத்து தசம் இரண்டு. லண்டன் கணக்கு வேறு, பதினெட்டால் பெருக்கினால்தான் எங்கள் கணக்கு வரும். மனதில் பெருக்கினேன், நூற்று எண்பத்து மூன்று சொச்சம். கணவர் கல்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு அதையே சொன்னார், தான் கண்டுபிடித்த மாதிரி.

"இவ்வளவு நாளும் எங்கட மெஷின் பொய் சொல்லியிருக்கு. இவனுக்கு மருந்து காணாது. கூட்ட வேணும்."

"ஒண்டும் கூட்டத் தேவையில்லை. புத்தகத்தை வாசியுங்கோ. பூனை இரத்தத்துக்கு மனுசருக்குச் செய்த மீட்டர் குறைச்சுத்தான் காட்டுமாம். இது கூடக் காட்டும். சீனி கூடேல்லை, அளவுகோல்தான் மாறியிருக்கு."

"லண்டன் மெஷின் பிழை விடுமோ?"

"மெஷின் பிழை விடாது. நீங்கள் விடுவீங்கள்."

தெஹிவளையில் இருந்த மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். அவரும் அதையே சொன்னார். பழைய ஸ்ட்ரிப் மிச்சம் உள்ளவரை இரண்டிலும் பார்க்க வேண்டும், பிறகு புதியதை மட்டும் நம்ப வேண்டும், அதுவரை காலையும் மாலையும் இரண்டு யூனிட் இன்சுலின், அதில் கை வைக்கக் கூடாது. வைத்தியர் சொன்னதைக் கணவரின் முகத்தைப் பார்த்து, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, இரண்டு தரம் சொன்னேன். தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்டுவிட்டார் என்று அர்த்தம் இல்லை. முப்பது வருடக் குடித்தனத்தில் அதையாவது படித்திருந்தேன்.

இதற்கிடையில் லண்டனிலிருந்து சீனி பார்க்கும் மெஷின் வந்திருக்கிற செய்தி ஃபிளட் முழுக்கப் பரவிவிட்டது. நான் வேலைக்குப் போனதும் கணவர் கடை திறந்துவிடுவார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பதுபோல ஆளுக்கொரு ஸ்ட்ரிப். மேல்மாடி அன்ரிக்கு ஏதோ பெரிய நம்பர் வந்துவிட, பதினெட்டால் பெருக்கிக் காட்டி அந்த மனுசியை நடுங்கவைத்துவிட்டார். அன்ரி சோற்றை விட்டுப் பாவற்காய்ச் சாறு குடிக்கத் தொடங்கினார். படியில் கண்டபோது முகம் வாடியிருக்கக் காரணம் கேட்டேன். சொன்னார். அது பூனைக்குரிய மெஷின் என்று நான் சொன்னதும், "பூனை மெஷினிலயோ, பிள்ளை, எனக்குப் பார்த்தவர்!" என்று நெஞ்சில் கை வைத்தார். அன்றிலிருந்து மூன்று மாதம் எங்கள் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. ஸ்ட்ரிப் பெட்டியை நான் என் சாறி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன், பூனைக்கு வேண்டியதை மட்டும் வெளியில் விட்டேன்.

ஒரு சனிக்கிழமை. எனக்கு அரை நாள் வேலை. அன்றைக்குப் பார்த்துக் கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியை யாரோ பெரியவர்கள் போவதற்காக மறித்துவிட்டார்கள். பம்பலப்பிட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலுக்குள் நடந்து, ஆரையெல்லாமோ திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கணவர் குசினி நிலத்தில் இருந்தார். பூனை அவர் முன்னால் கிடந்தது. எழும்பப் பார்த்தது, பின்னங்கால் இரண்டும் வழுகி விரிந்தன. தலை ஆடியது. சுற்றிவர ஸ்ட்ரிப்புகள். இவர் அடுத்ததை மீட்டருக்குள் செருகிக்கொண்டிருந்தார்.

"குறைஞ்சுகொண்டே போகுது. இப்ப ரெண்டு தசம் ஒண்டு. திரும்ப ஒருக்காப் பார்ப்பம்…"

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியில் வரும்.

"இஞ்சருங்கோ! நம்பரைப் பார்த்துக்கொண்டு இருந்தாப் பூனை எழும்புமோ? வாயில இனிப்பைத் தடவுங்கோ!"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நானே கித்துள் பாணிப் போத்தலை எடுத்து, அந்த இனிப்புப் பாகில் விரலைத் தோய்த்து, பூனையின் பல்லடி முரசில் தேய்த்தேன். நக்கவில்லை. திரும்பவும் தேய்த்தேன். நாக்கு நுனி கொஞ்சம் அசைந்தது. துவாயில் சுற்றி அவர் கையில் கொடுத்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஓட்டோ பிடித்தேன்.

தெஹிவளைக்குப் போகும் வழியில் செக்பொயின்டில் மறித்தார்கள். ஆமிக்காரப் பொடியன் குனிந்து பார்த்தான். துவாய்க்குள் ஒரு மூட்டை, ஒரு போத்தல், பாணி வழியும் என் கை, அழுகிற ஒரு மனுசன். அடையாள அட்டையைக் கேட்டான். சாதாரண நாளில் அந்த இடத்தில் என் சிங்களம் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு அது ஓடி வந்தது.

"பூசாட்ட சீனி அடுவெலா, மல்லி!"

பூனைக்குச் சீனி குறைந்துவிட்டது, தம்பி. அவன் துவாயை விலக்கிப் பூனையின் முகத்தைப் பார்த்தான். அட்டையைப் பார்க்காமலே திருப்பித் தந்து, "யன்ன, யன்ன" என்று கையைக் காட்டினான்.

ஓட்டோ ஓடத் தொடங்கிய பிறகுதான் கேட்டேன்.

"எவ்வளவு குத்தினனீங்கள்?"

"மூண்டு."

"ஏன்? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லோ?"

அவர் பூனையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாளைக்கு ஞாயிறு. அவன் கேட்பான். அவன் அனுப்பின மெஷினில பார்த்து ஒரு நல்ல நம்பராச் சொல்ல வேணும் எண்டு நினைச்சனான்."

மகனின் ஒவ்வொரு ரிப்போட்டையும் பிடித்துக்கொண்டு, கணிதத்துக்கு ஏன் தொண்ணூறு, ஏன் தொண்ணூற்றைந்து இல்லை என்று கேட்ட மனுசன். இப்போது அந்தப் பிள்ளையிடம் நல்ல மார்க்ஸ் காட்டுவதற்காகப் பூனைக்கு ஒரு யூனிட் கூட்டியிருக்கிறார். திட்ட வாயைத் திறந்தேன். பாணி ஒட்டிய கையாலேயே அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வைத்தியர் குளுக்கோஸ் ஏற்றினார். பாணி தடவியதால்தான் இங்கே வரைக்கும் உயிர் வந்தது என்றார். எனக்கு அது புது விஷயம் இல்லை. பின்னேரம் பூனை தலையைத் தூக்கி, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, சாப்பாடு கேட்டுக் கத்தியது. நான் அங்கே கிடந்த நாற்காலியில் இருந்துகொண்டு வாய்விட்டு அழுதேன். பழைய மீட்டரில் இனிப் பூனைக்குப் பார்க்காதீர்கள், புதியதின் நம்பரை அதன் கணக்கிலேயே பாருங்கள், பதினெட்டால் பெருக்காதீர்கள் என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு பின்னேரம் போன் அடித்தது. "நீர் சொல்லும்" என்று கணவர் என்னைப் பார்த்தார். "நான் ஏன்? குத்தினது நீங்கள்" என்றேன். எழும்பிப் போய் எடுத்தார். மறைக்கவில்லை, மூன்று யூனிட், ஏன் கூட்டினது, ஸ்ட்ரிப்பை எல்லாம் வீணாக்கினது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். "பிழை என்ரதான்" என்றார். அந்த மனுசனின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு கேட்டுக்கொண்டு நின்றார். மறுபக்கத்தில் பிள்ளை என்ன சொல்கிறானோ என்று நான் கிட்டப் போய் நின்றேன்.

"ஓம், இப்ப நல்லாச் சாப்பிடுறான். மடியிலதான் படுத்திருந்தவன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கோ?" என்றார். "எனக்கு… எனக்குச் சுகர் இண்டைக்கு இன்னும் பார்க்கேல்லை, அப்பன்."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனேன். ஊற்றி, ஆற்றி, கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அது ஆறிப் போகும்வரை அவர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.