ஏகாதசியன்று போட்ட ஊசி

என் மகள் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். கொரோனாவால் மூடிக்கிடந்த லேப் திறக்கப் போகிறது, தடுப்பூசி போட்டவர்களைத்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் செய்முறைப் பரீட்சை. ஊசி இல்லையென்றால் பரீட்சை இல்லை, ஒரு வருஷம் வீணாகிவிடும். மாணவர்களுக்கென்று வளாகத்திலேயே முகாம் வைத்தார்கள், அதுவும் ஒரே ஒரு நாள்.

அன்றைக்கு ஏகாதசி. எங்கள் வீட்டில் ஏகாதசியன்று அரிசி தொடமாட்டோம். மகள் பத்து வயதிலிருந்தே மறுநாள் துவாதசிப் பாரணை வரைக்கும் தண்ணீரோடு இருந்துவிடுவாள். நான் அதிகம் படித்தவனில்லை. சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு போகிறோமே, ஊசிக்கும் அப்படித்தான் என்று நானாக முடிவுகட்டிவிட்டேன். இரண்டும் ஒரே நாளில் வந்தது பகவான் பார்த்துச் செய்தது என்று எங்கள் கரமனையில் பஸ் ஏறும்போது சொன்னேன். அவளும் பரீட்சைக் கவலையில் மறுத்துப் பேசவில்லை.

எங்கள் முறை வரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று நர்ஸ் அவளிடம் கேட்டாள். இன்று ஏகாதசி, ஒன்றும் சாப்பிடவில்லை என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. நர்ஸ் கையில் எடுத்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்:

"இது பிளட் டெஸ்ட் இல்ல, அங்கிள். காலையிலேர்ந்து ரெண்டு பிள்ளைங்க மயங்கி விழுந்தாச்சு. மோள் எதாவது தின்னுட்டு வரட்டும்."

கேன்டீன் பூட்டியிருந்தது. வெளியே கடைகளும் இல்லை. முகாம் முடிய அரை மணி நேரம்தான் இருந்தது. என் புத்தியை நொந்துகொண்டு திரும்பி வந்து நின்றேன். நர்ஸ் தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். தொலைவில் மலையோரத்திலிருக்கிற வித்துராவிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்தவளாம். கட்டிக்கொண்டு வந்த புட்டும் கடலையும், கூட்டத்தில் திறக்கக்கூட நேரம் கிடைக்காமல் அப்படியே இருந்தது.

அரிசிப் புட்டு. மகள் டப்பாவைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

பசியோடு நிற்கிற ஒருத்தி தன் சாப்பாட்டை என் குழந்தைக்குத் தருகிறாள். அதைத் தள்ளிவிட்டு எந்தச் சாமியிடம் போய் நிற்பேன்?

"சாப்பிடும்மா. பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

"அப்படியே என்றெ புட்டு போன விஷயமும் சொல்லணும், கேட்டோ" என்றாள் நர்ஸ்.

மகள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஊசியும் போட்டாயிற்று. மயக்கம் ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விரதம் போனதற்கு வருத்தப்படுவாள் என்று பயந்திருந்தேன். அவளோ, "அந்தப் பொண்ணு அப்பறம் என்ன சாப்பிட்டா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

மகள் பரீட்சை எழுதித் தேறினாள். இரண்டாம் ஊசிக்குப் போனபோது மனைவி அந்த நர்ஸுக்கென்று இட்லி கட்டிக் கொடுத்தாள். அங்கே வேறு நர்ஸ் இருந்தாள். அவளிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.

இப்போதும் துவாதசியன்று முதல் கவளம் எடுக்குமுன் மூவரும் அந்த வித்துராக்காரியை நினைத்துக்கொள்கிறோம். பெயர் கேட்கவில்லை. மாஸ்க் போட்டிருந்ததால் முகமும் தெரியாது. பெருமாளுக்குத் தெரியும்.